படத்துக்குப் பின்னால் இருந்த பேட்டரி

கரண்ட் போனால் எனக்கு இப்போது பயம். இருட்டைக் கண்டு இல்லை, என் கணவர் எழுந்து நடக்கும் சத்தத்தைக் கேட்டு.

ஜீவனஹள்ளி வீட்டு மாடியில், தகர ஷெட்டில், பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அவர் ஒரு பேட்டரி செய்தார். மின்சார ஸ்கூட்டருக்கானது. எத்தனை வேகமாகச் சார்ஜ் ஏற்றினாலும் சூடாகாது, தீப்பிடிக்காது. மீட்டர்கள் இருந்தாலும் அவருக்குப் புறங்கைதான் நம்பிக்கை. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுவதுபோல் எதையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார், என் சாம்பார் சட்டி உட்பட. ஒரு ஏப்ரல் மத்தியானம் என் கையை இழுத்து அந்த பேட்டரிமேல் வைத்து, "சூடே இல்ல, பாத்தியா?" என்றார். கல்யாணத்தன்றுகூட அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

ஒரு பெரிய ஸ்கூட்டர் கம்பெனி அதன் உரிமையை வாங்க வந்தது. பூங்கொத்து, இனிப்புப் பெட்டி, ஏகப்பட்ட சிரிப்பு. ஊரெல்லாம் தன் பேட்டரி ஓடும் என்று நம்பித்தான் இவர் கையெழுத்துப் போட்டார். ஷெட்டில் இருந்த அத்தனையையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அவர்களுடைய புது ஸ்கூட்டர் வரும்போதெல்லாம் ஷோரூமுக்குப் போய், சீட்டுக்கு அடியில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். எல்லாம் சூடாகும் பழைய வகைதான். பழைய வகைக்கென்று அவர்கள் பெரிய ஆலை கட்டியிருந்தார்கள். இவருடையது வெளியே வந்தால் அந்த இயந்திரமெல்லாம் காயலான் கடைக்குத்தான். வாங்கியது செய்வதற்கு அல்ல, வேறு யாரும் செய்யாமல் இருப்பதற்கு. இவரே ஒன்று செய்தாலும் அது திருட்டாம். நல்ல நியாயம்.

ஒன்று மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. எங்களைப் போன்ற கத்தோலிக்க வீடுகளில் திருஇருதயப் படத்துக்கு முன்னால் சின்னச் சிவப்பு விளக்கு எப்போதும் எரியும். கரண்ட் போனாலும் அது அணையக் கூடாதென்று, தான் செய்த முதல் பேட்டரியைப் படத்துக்குப் பின்னால் வைத்து விளக்கோடு இணைத்திருந்தார். வேனில் ஏற்றிய அன்று அவருக்கும் நினைவில்லை, எனக்கும் இல்லை. சாமி விளக்கை யார் மின்சாதனமாக நினைக்கிறார்கள்?

பிறகு ஒரு மாலை கரண்ட் போனது. தெருவே இருண்டது, அந்தச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. இருவரும் பார்த்தோம். நாங்கள் புதைத்துவிட்டு வந்த ஒருவர் வீட்டுக்குள் மூச்சுவிடுவதுபோல் இருந்தது எனக்கு. ஆனாலும் அது இருக்கட்டும் என்றுதான் ஆசைப்பட்டேன்.

போன கிறிஸ்துமஸுக்கு அந்தக் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி கேக் கொண்டுவந்தார். நான் காப்பி கலந்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது. விளக்கைப் பார்த்து, இன்வெர்ட்டரா என்று அவர் சும்மாதான் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். சொல்லித் தொலையுங்களேன் என்று அடுப்படியிலிருந்து என் கணவரின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் படத்துக்கு முன்னால் அவருக்குப் பொய் வராது என்பதும் எனக்குத் தெரியும்.

எழுந்துபோய் பேட்டரியைக் கழற்றினார். விளக்கு அணைந்தது. இருட்டில் அதை நீட்டி, "இது உங்களோடது சார்" என்றார்.

அதிகாரி தயங்கினார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. கேக் வந்த பையிலேயே போட்டுக்கொண்டு போனார். அந்தக் கேக்கை நான் தெருநாய்க்குப் போட்டேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இப்போது கரண்ட் போனால் சிவப்பு விளக்கும் சேர்ந்து போகிறது. நாற்காலி நகரும். வெறுங்கால்கள் ஹாலைக் கடக்கும். படத்துக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் இடத்தில் அவர் புறங்கையை வைப்பது பார்க்காமலே எனக்குத் தெரியும்.

"சூடே இல்ல" என்கிறார், என்னிடம் சொல்வதுபோல்.