மணல் திட்டில் விரித்த துணி

மலாய் நாட்டின் தென்பகுதியில், காஜா பெராங்கில் கலியாணசுந்தரம் என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். கம்புக்காரர் என்று கேட்டால் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ஆகாயத்தில் பறக்கிற மனுஷனுக்குக் கம்பு எதற்கு என்று சிரித்தவர்களும் உண்டு. அவர் வேலையே அதுதான். காட்டை அளக்க வந்த ஹார்ட்லி துரை ஓட்டிய சின்ன விமானத்துக்குச் சக்கரம் கிடையாது, இரண்டு மிதவைகள்தான். வடக்கே, பேராக் ஆற்றின் மேல்பகுதியில், சாலையும் இல்லாமல் சரியான வரைபடமும் இல்லாமல் கிடந்த காட்டுக்குள் அது ஆற்றிலேயே இறங்கும். இறங்கியதும் கலியாணசுந்தரம் மிதவைமேல் குதித்து, கம்பால் ஆழம் பார்த்து, பாறையில் மோதாமல் தள்ளி, கயிற்றை மரத்தில் கட்டுவார். அதுவரை விமானத்தையே பார்த்திராத ஆற்றில் முதல் தடவை இறங்கியபோது எப்படி இருந்தது என்று கேட்டால், "கம்ப விட்டு ஆழம் பாத்தேன், வேற என்ன?" என்பார். ஐந்து வருஷத்தில் அப்படி ஏழு இடங்களில் இறங்கினார்கள்.

ஏழாவது இடம் காட்டுக்குடிகளான தெமியார் மக்களின் குடியிருப்பு, இருபது வீடு இருக்கும். தலைவன் பெயர் அலோங். அவன் மகளுக்கு அப்போது ஏழு வயது. பாம்பு கடித்துக் கால் வீங்கிக் கிடந்தாள். கலியாணசுந்தரம் அவளை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். வழி நெடுக அவள் அவர் சட்டையை விடவே இல்லை. இரண்டு வாரம் கழித்து அதே சட்டையைப் பிடித்துக்கொண்டு உயிரோடு வந்து இறங்கினாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. மனைவி அன்னத்திடம் சொல்லி ஆறு கஜம் வெள்ளைத் துணிக்கு ஓரம் தைத்து வாங்கி, அடுத்த முறை போனபோது அலோங்கிடம் கொடுத்தார். "யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் இதை மணலில் விரித்து, நாலு மூலைக்கும் கல் வை. நாங்கள் வருவோம்" என்று மலாயில் சொன்னார். துரையும் சரியென்று தலையாட்டினார். அப்புறம் இரண்டு தடவை துணி விரித்தார்கள். இரண்டு தடவையும் மேலே பறக்கும்போது அது கண்ணில் பட, விமானம் போய் இறங்கியது.

ஜப்பான்காரன் வந்தான். சிங்கப்பூரில் விழுந்த குண்டில் விமானமும் துரையும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தார்கள். கலியாணசுந்தரம் வீடு திரும்பி, கொல்லையில் மரவள்ளி நட்டு, மூன்று வருஷம் அதையே தின்று காலம் தள்ளினார்.

நாற்பத்தைந்து பிறந்த கொஞ்ச நாளில் ஒரு உத்தரவு வந்தது. வெட்டவெளியில் யாரும் வெள்ளைத் துணி விரிக்கக் கூடாது. ஜப்பான்காரனை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்கு வெள்ளைக்காரன் விமானத்திலிருந்து சாமான் போடுகிறானாம், துணிதான் அடையாளமாம். விரித்திருப்பதைக் கண்டால் மேலேயிருந்தே சுடுவார்கள் என்று தெருவுக்குப் பொறுப்பானவன் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனான். தெருக்காரர்கள் கொடியில் கிடந்த வேட்டியை அவசரமாக உருவினார்கள். கலியாணசுந்தரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, ரெண்டு நாளா ஒண்ணும் எறங்கலியே உங்களுக்கு?" என்று அன்னம் கேட்டாள்.

"அலோங்குட்ட நான் குடுத்த துணி அங்க கெடக்கு, அன்னம். யாருக்காச்சும் காய்ச்சல்னா விரிப்பாங்க. நாந்தானே சொல்லிக் குடுத்தேன்? இப்ப மேல பறக்கிறது ஜப்பான்காரன்."

அன்னத்தின் புடவையில் துணியைவிட ஒட்டுதான் அதிகம். ஒரு கிழிசலை இழுத்து மூடிக்கொண்டாள்.

"போய்ட்டு வாங்க. வரும்போது அந்தத் துணியக் கொண்டாந்துருங்க. ஆறு கஜம். உங்களுக்கு ஒரு வேட்டி, எனக்கு ரவிக்கை ஆவும்."

கோணி கட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. அவள் கேட்டதில் தப்பே இல்லை.

பிரம்பு வியாபாரி ஷம்சுதீன் பயணத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்கித் தந்தார். "பிரம்பு வாங்க அனுப்புற ஆளுன்னு சொல்லியிருக்கேன், அண்ணே. உங்களப் புடிச்சா என்னையும் சேத்துத்தான் புடிப்பான், ஞாபகம் வச்சுக்குங்க" என்று சொல்லி, வழியில் மாற்றிக்கொள்ள ஒரு பை உப்பும் கொடுத்தார். தம்பின்வரை சைக்கிள், அங்கிருந்து கோலகங்சார்வரை ரயில், பிறகு நடை. விமானம் நாற்பது நிமிஷத்தில் தாண்டிய காட்டைக் கடக்க அவருக்குப் பதினோரு நாள் ஆயிற்று. மேலேயிருந்து பார்த்த ஆற்று வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே நடந்தார். அட்டை கடித்த கால் இரண்டும் புண்.

பன்னிரண்டாம் நாள் உச்சி வெயிலில் கடைசி வளைவைத் திரும்பினார். மணல் திட்டில் துணி விரிந்து கிடந்தது. நாலு மூலைக்கும் கல், அவர் சொல்லிக் கொடுத்தபடியே.

ஓடிப்போய்க் கல்லைப் புரட்டினார். அலோங் கரையிலிருந்து ஓடி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. அவரைப் பார்த்தான், அவருக்குப் பின்னால் ஆற்றைப் பார்த்தான்.

"விமானம் எங்கே?"

"இல்லை. துரை செத்துவிட்டார். இனி வராது. துணியை எடு, அலோங்."

"என் மகளுக்கு நாலு நாளாகக் காய்ச்சல்." அலோங் துணிமேல் காலை வைத்துக்கொண்டான். "நீங்கள் கடைசியாக வந்துபோன பிறகு இரண்டு தடவை விரித்தோம், வரவில்லை. மழைக்காலம், அதனால் வரவில்லை என்று நினைத்தோம். விரித்தால் வருவேன் என்று நீதானே சொன்னாய்?"

கலியாணசுந்தரம் அடுத்த கல்லையும் புரட்டினார். அப்போது தெற்கே இரைச்சல் கேட்டது. அலோங்கின் கண் மலர்ந்தது. கலியாணசுந்தரத்துக்கு அந்த எஞ்சின் சத்தம் பிடிபட்டுவிட்டது. துரையின் விமானம் அப்படி இரையாது.

"அது நம்முடையது இல்லை. அது சுடும்!"

அலோங் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு காலை எடுத்தான். இருவரும் துணியைச் சுருட்டி இழுத்துக்கொண்டு கரை மரத்தடியில் போய் விழுந்தார்கள். விமானம் ஆற்றோடு தாழப் பறந்து வந்து, வெறும் மணலைத் தாண்டி, வளைவில் மறைந்தது. இருபது வீடும் பிழைத்தன.

அந்தப் பெண் பிழைக்கவில்லை. பதினாலு வயதாகியிருந்தது. அவரை அடையாளம் கண்டு, அவர் கட்டியிருந்த கோணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். விமானத்தைக் கூப்பிடாதே என்று சொல்ல வந்தவரின் பையில் உப்புத்தான் இருந்தது, மருந்து இல்லை. அதை நினைத்து அவர் அழுதார். மூன்றாம் நாள் காலையில் அவள் பிடி விட்டது.

அலோங் துணியை எடுத்து வந்தான். அன்னம் கேட்டது கலியாணசுந்தரத்துக்கு ஒரு தரம் நினைவுக்கு வந்தது; வந்ததற்காகக் கூசிப்போனார். அவரே ஒரு பக்கம் பிடித்து அவள்மேல் போர்த்தினார். அன்னம் போட்ட தையல் அந்தக் கால்களின்மேல் வந்து நின்றது.

வீடு திரும்பியபோது அன்னம் வெறும் பையைப் பார்த்தாள்.

"துணி?"

நடந்ததைச் சொன்னார். அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சட்டையப் புடிச்சிக்கிட்டே பறந்துச்சே, அந்தப் பொண்ணா? பேரு என்னமோ சொல்வீங்களே?"

நூறு தடவையாவது அவள் பெயரைச் சொல்லிக் கதை சொன்னவர் அவர். இப்போது, "செத்தவங்க பேர அந்த ஜனங்க சொல்றதில்ல, அன்னம்" என்றார்.

யுத்தம் முடிந்து இன்னும் இருபது வருஷம் இருந்தார். பறந்த கதையைக் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார்; ஏழு இடங்களின் ஆழமும் காற்றும் பாறையும் மறக்கவில்லை. ஏழாவதற்கு வரும்போது மட்டும் "அலோங்கோட மக" என்பார், அதற்குமேல் சொல்லமாட்டார். அதனால்தான் இந்தக் கதையிலும் அவள் பெயர் இல்லை.