ஷெவ்கியே சொல்லாத ஹலால்

ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரத்தில், மார்க்ஸ்லோவில் கல்யாண உடைக் கடைகள் வரிசையாக நிற்கும் தெருவில், மணப்பெண்ணின் கவுனை இடுப்பில் பிடித்துத் தைக்கிற ஷெவ்கியேவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவே சொல்லும். நீளமாக இருந்தால்தான் என்ன? காலையிலிருந்து குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு அடுத்தவள் காலடியில் முட்டி போடுகிறவள், ஊசியை எடுத்த பிறகாவது பேச வேண்டாமா?

அவள் அக்கா மகன் எரோல் துருக்கியில் நிலக்கரிச் சுரங்கம் சரிந்து செத்தான். தொலைக்காட்சியில் கோட்டு போட்டவர்கள் வரிசையாக வந்து, எல்லாம் விதி என்றார்கள். ஷெவ்கியே ஜெர்மனியில், தன் சமையலறையில் உட்கார்ந்து, துருக்கி ஜனாதிபதியின் படத்தைத் தன் இணையப் பக்கத்தில் போட்டு எழுதினாள்: “விதியா? நீதான்யா கொன்னே. மனுஷனா நீ?”

டூயிஸ்பர்க்கில் எழுதியது டூயிஸ்பர்க்கிலேயே கிடக்கும் என்று நினைத்தாள். அங்கிருக்கும் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். “எங்கிட்ட இருக்கறது ஜெர்மன் பாஸ்போர்ட். என் வாயை எவன் வந்து கேப்பான்?” என்று புருஷன் இலியாஸிடம் பீற்றிக்கொண்டாள்.

கேட்க வேறு எவனும் வரவேண்டியிருக்கவில்லை. இலியாஸின் சொந்தத் தம்பி ரெம்ஸி, தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கிற உத்தமன், அதை அப்படியே படம் பிடித்துத் துருக்கித் தலைநகர் அங்காராவில் போலீஸுக்கு அனுப்பிவிட்டான். ஒளித்தானா என்றால் அதுவும் இல்லை. “தலைவரைத் திட்டினா அண்ணியா இருந்தா என்ன, அம்மாவா இருந்தா என்ன” என்று கடையில் டீ ஆற்றிக்கொண்டே பெருமை அடித்தான். துருக்கியில் வழக்குப் பதிவானது. எல்லையில் கால் வைத்தால் பிடித்துக்கொள்வார்கள். அவள் பக்கமும் அதிலிருந்து அவள் எழுதுகிற எழுத்தும் அந்த நாட்டுக்குள் யார் கண்ணுக்கும் தெரியாதபடி கோர்ட் உத்தரவில் மறைக்கப்பட்டன.

ஷெவ்கியேவுக்கு வயிறு எரிந்தது. ரெம்ஸியை நாய் என்று, இந்த முறை ஜெர்மனில், தெருவுக்கே புரிகிற மாதிரி எழுதினாள். அவன் நேரே ஜெர்மன் போலீஸுக்குப் போனான். ஒருவரை அவமானப்படுத்துவது இங்கேயும் குற்றம்தான். அபராதம் வந்தது.

“அங்க இருக்கற தலைவரைத் திட்டினா அங்க கேஸு. இங்க இருக்கற நாயைத் திட்டினா இங்க கேஸு. அப்புறம் எனக்கு நாக்கு எதுக்கு?” என்று இலியாஸிடம் கேட்டாள்.

“ருசி பாக்கத்தான். சூப்புல உப்பு இல்ல பாரு” என்றான் அவன்.

இலியாஸ் உருக்காலையில் நுரையீரலைத் தொலைத்தவன். அவனுக்கு ஒரே ஒரு பயம். இந்த ஊரில் கல்லறையை வாடகைக்குத்தான் கொடுப்பார்கள். தவணை முடிந்தால் அந்த இடம் இன்னொருவனுக்கு. “செத்தப்புறமும் வீட்டுக்காரனுக்குப் பயப்படணுமா?” என்பான். அதனால் மற்றவர்களைப் போல அவனும் பள்ளிவாசலின் ஈமச் சங்கத்தில் சேர்ந்திருந்தான். ஆள் போய்விட்டால் சங்கமே உடலை விமானத்தில் துருக்கியில் சொந்த ஊருக்கு அனுப்பும். துணைக்கு ஒருவருக்கு டிக்கெட்டும் தரும்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் இலியாஸ் அவள் கையைப் பிடித்தான். “ஷெவ்கியே, ஹலால் பண்ணிடு” என்றான். உனக்கு நான் வைத்த பாக்கி, செய்த தப்பு எல்லாவற்றையும் விட்டுக்கொடு என்று அர்த்தம். பயணம் போகிறவனும் கேட்பான், சாகிறவனும் கேட்பான். சொன்னால் போய்விடுவான் என்று இவளுக்குப் பட்டது.

“சும்மா படு. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்” என்று கையை உருவிக்கொண்டாள். அவன் வீட்டுக்கு வரவில்லை.

இனி ஒரே வழிதான். அடக்கத்தில் இமாம் கூட்டத்தைப் பார்த்து ஹலால் கேட்பார். அப்போது இவள் வாயால் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவன் அவளுக்குக் கடன்பட்டவனாகவே மண்ணுக்குள் போவான். இந்த நினைப்பு அவளைத் தூங்கவிடவில்லை.

ரெம்ஸி கண் வீங்கி வந்து வாசலில் நின்றான். “அண்ணி, அங்க ஃபோன் போட்டேன். புகாரை வாபஸ் வாங்கறேன்னு கெஞ்சினேன். இது உன் கேஸ் இல்ல, அரசாங்கத்து கேஸ்னு வெச்சுட்டான்.”

“கொளுத்தறப்போ மட்டும் உன் தீக்குச்சியா இருந்துச்சா?”

“அண்ணனை யார் கொண்டுபோறது? நீங்க இறங்கின உடனே பிடிச்சுடுவான். பெட்டி ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். மண்ணு போடறவரைக்கும் விடமாட்டான்.”

அவன் சொன்னது நிஜம். அது நிஜமாக இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. டிக்கெட்டை எடுத்து அவன் மார்பில் எறிந்தாள். “நேரலை போடு. நான் பாக்கணும்.”

விமான நிலையத்தில் வழக்கப்படி அவன் தலையைக் குனிந்தான். “கெளம்பறேன் அண்ணி. ஹலால் பண்ணிடுங்க.” அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் கடையிலேயே ஃபோனைத் தையல் மிஷின்மேல் சாய்த்து வைத்துப் பார்த்தாள். ரெம்ஸி தன் ஃபோனைப் பக்கத்துக் கல்லறைமேல் நிறுத்தியிருந்தான். திறந்த குழி, மண்வெட்டிகள், பின்னால் வேலியோரம் ஊர்க்காவலுக்கு வந்த ஒரு காவலர். இமாம் கேட்டார்: “இவருக்கு உங்க பாக்கியை ஹலால் பண்றீங்களா?” தன் வாயால் சொல்ல ஷெவ்கியே ரெம்ஸியை அழைத்தாள். படம் ஒரு கணம் நடுங்கியது. அவன் காவலர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அழைப்பைத் துண்டித்தான்; குழிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அதோடு நேரலையில் சத்தமும் போய்விட்டது.

பதறிக்கொண்டு நேரலையின் கீழே எழுதினாள்: “இலியாஸ், எல்லாம் ஹலால். நிம்மதியாப் போ.” அதன் கீழே இன்னொரு வரி: “ரெம்ஸி, உனக்கு மட்டும் செத்தாலும் இல்ல.” டூயிஸ்பர்க்கிலிருந்து அழுகைப் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. ரெம்ஸி திரையைக் குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த நாட்டுக்குள் அவள் எழுத்து தெரியாது. பக்கத்துக் கடைக்காரி படித்தாள். குழியோரம் நின்ற ஒருவனும் படிக்கவில்லை. மண் விழ ஆரம்பித்தது.

வாரக் கடைசியில் ரெம்ஸி கடை வாசலில் நின்றான். டீக்கடையில் ஒருத்தனும் அவன் கையால் டீ வாங்கவில்லையாம்.

“எல்லாரும் படிச்சிருக்கானுங்க அண்ணி. எனக்கு மட்டும் இங்க வந்தப்புறம்தான் தெரிஞ்சுது.”

அவள் ஒரு மணப்பெண்ணின் காலடியில் இருந்தாள். உதட்டிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி மெத்தையில் குத்தினாள். “போ, போலீஸ்ல எழுதிக் குடு. ஹலால் சொல்லமாட்டேன்னு சொல்றது எந்த ஊர்ல குத்தம்னு கேட்டுட்டு வா.”

“அதுக்கு வரல. நீங்க அண்ணனை நெனச்சு வருத்தப்படக் கூடாதுன்னுதான் வந்தேன். இமாம் கேட்டப்போ உங்க சார்பா நானே சொல்லிட்டேன். அண்ணியும் ஹலால் பண்ணிட்டாங்கன்னு சத்தமாவே சொன்னேன்.”

ஷெவ்கியே எழுந்து நின்றாள். மணப்பெண் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள்.

“நான் பேசினதை எடுத்து அவங்ககிட்ட குடுத்தே. பேசாம வெச்சிருந்தது அந்த ஹலால் ஒண்ணுதான்டா. அதையும் நீயே பேசிட்டியா?”

அவன் வாயைத் திறந்தான். அவள் கதவைக் காட்டினாள்.