ஹிட் கவுண்டருக்குப் போணி

1. பழி வந்த காலை

“மீனா, உன் வெப்சைட்டே சாட்சி சொல்லியாச்சு. இனி கடைய மூடுகதுதான் வழி.”

ஆபீஸ் ஷட்டரைப் பாதி தூக்கியிருக்கும்போது முன்னால் வந்து நின்று இப்படிச் சொன்னவர் தாணு அண்ணாச்சி. செண்பகம் அக்காவின் கணவர். காலை வணக்கம்கூட இல்லை.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் நடந்தது. நாகர்கோவிலைத் தாண்டி மலையாள ஊரில், கிழக்கேகோட்டையில் ஒரு மாடியில் எனக்கு ஒற்றை அறை ஆபீஸ். முதலாளி, டிசைனர், கூட்டிப் பெருக்குகிறவள் எல்லாம் நானே. சிறு கடைக்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது தொழில். அந்தக் காலத்தில் வெப்சைட் என்றால் விசிட்டிங் கார்டைப் பெரிதாக்கிக் கம்ப்யூட்டரில் போடுவது என்று பாதிப் பேர் நினைத்தார்கள். மீதிப் பேர், இன்று போட்டால் நாளைக்கு அமெரிக்காவிலிருந்து ஆள் வருவான் என்று நினைத்தார்கள். செண்பகம் அக்கா இரண்டாவது கட்சி.

அக்கா வைத்திருந்தது டான்ஸ் டிரஸ் கடை. பரதநாட்டியம், மோகினியாட்டம் உடைகள், சலங்கை, தலைசாமான், சவுரி எல்லாம் விலைக்கும் கிடைக்கும், வாடகைக்கும் கிடைக்கும். நாகர்கோவிலிலிருந்து கல்யாணமாகி வந்து, தானே பழகித் தானே நடத்திய கடை. ஒரு காலத்தில் பள்ளிக் கலைவிழா நெருங்கினால் வாசலில் பிள்ளைகளும் அம்மாக்களும் முண்டியடிப்பார்கள். பிறகு ஊரில் பெரிய வாடகைக் கடைகள் வந்தன; பள்ளிக்கூடங்கள் மொத்தமாக அங்கே போய்விட்டன. அக்கா ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி ஒரு கம்பெனியில் அக்கவுண்டண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நாகர்கோவிலில் அவருடைய அண்ணனுக்குப் பாத்திரக்கடை. குடும்பத்தோடு வந்து கல்லாவில் உட்காரச் சொல்லி அண்ணன் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சிக்குப் போக ஆசை, அக்காவுக்குக் கடையை விட மனமில்லை. கடைசி முயற்சியாகத்தான் வெப்சைட் போட்டார்கள். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் அம்மாக்கள் பார்த்து வாங்குவார்கள் என்று அக்காவுக்கு நம்பிக்கை. ஓணம் முடியும் வரை பார்ப்பது, ஒன்றும் நடக்காவிட்டால் சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்துவிடுவது என்று இருவரும் பேசி முடிவு செய்திருந்தார்கள்.

பக்கத்தின் அடியில் ஒரு ஹிட் கவுண்டர் வேண்டும் என்று அக்கா பிடிவாதமாகக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு முறை சைட் திறக்கும்போதும் ஒன்று கூடும், ஸ்கூட்டர் மீட்டர் மாதிரி. போட்ட நாளிலிருந்து அது சும்மா எகிறியது. எனக்கே பெருமை தாங்கவில்லை. ஆனால் ஒரு மெயில் இல்லை, ஒரு போன் இல்லை.

அண்ணாச்சி கணக்குப் படித்தவர் அல்லவா, கணக்காகவே கேட்டார்.

“இவ்வளவு பேரு வந்து பாத்துட்டு ஒருத்தருமே வாங்கலன்னா என்ன அர்த்தம்? சரக்கு பிடிக்கல்ல. நாங்களா சொல்லுகோம், உன் கவுண்டருல்லா சொல்லுகு! ஆளு வரலன்னா காத்திருக்கலாம். வந்து பாத்துட்டுப் போனவன திருப்பிக் கூப்பிட முடியுமா?”

அந்த எண்ணைக் காட்டிக் காட்டித்தான் நான் வேறு இரண்டு கடைகளில் வேலை பிடித்திருந்தேன். இப்போது அதே எண் அக்காவின் கடைக்குப் பூட்டு வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறது. எரிச்சலாகவும் இருந்தது, அக்காவை நினைத்துப் பாவமாகவும் இருந்தது.

2. எங்கிருந்து வருகிறார்கள்?

கவுண்டர் எத்தனை முறை கதவு திறந்தது என்று மட்டும்தான் சொல்லும். யார் திறந்தார்கள், உள்ளே எதைப் பார்த்தார்கள், எந்த இடத்தில் திரும்பினார்கள் என்பதெல்லாம் சர்வர் லாகில் இருக்கும். வருகிற ஒவ்வொரு இன்டர்நெட் இணைப்பின் எண் முகவரியும் நேரமும் அதில் பதிவாகும். அதைப் படித்துச் சுருக்கிக் கொடுக்க இலவச மென்பொருள்கள் அப்போதே இருந்தன. அன்று காலையே டவுன்லோட் போட்டேன். டயல்-அப் புண்ணியத்தில் அது வந்து சேர்வதற்குள் இரண்டு டீ ஆயிற்று.

படித்தால் விசித்திரமாக இருந்தது. வருகைகளில் முக்கால்வாசி ஒரே எண் முகவரியிலிருந்து. எல்லாம் காலையில், ஒன்றன்பின் ஒன்றாக. முதல் பக்கத்தைத் திறக்கிறார்கள், உடனே போய்விடுகிறார்கள். யாரும் உள்ளே ஒரு படத்தைக்கூடத் தொடவில்லை. ஏதோ ஒரு எதிரி கம்பெனி நம் சைட்டைக் கெடுக்கப் பார்க்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். செண்பகம் அக்காவுக்கு எதிரி கம்பெனி! அந்த வயதில் எனக்குக் கற்பனை கொஞ்சம் அதிகம்.

அக்காவிடமே கேட்டுவிடலாம் என்று மறுநாள் காலை கடைக்குப் போனேன். கடை திறந்திருந்தது, அக்காவைக் காணோம். பக்கத்து இன்டர்நெட் கஃபேயில் பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் ரமணி சேச்சி உட்கார்ந்திருந்தார். அக்கா கடையின் தையல்காரி. நெற்றியில் சந்தனம், மவுசின் மேலும் ஒரு பொட்டுச் சந்தனம். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு ஒரு கிளிக். நம் சைட் திறந்தது. சேச்சி எழுந்தார். அடுத்து பக்கத்து வளையல்கடைக்காரர் உட்கார்ந்தார், ஒரு கிளிக். அவருக்குப் பின்னால் பூக்கடைக்காரர், ஜூஸ்கடைக்காரர். அக்கா பக்கத்தில் நின்று எல்லோருக்கும் சிரித்த முகத்தோடு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

“இது என்ன அக்கா?”

“போணி, மக்கா. கட தொறந்தா கைராசிக்காரங்க கையால முதல்ல ஒண்ணு ஆவணும்லா? வெப்சைட்டும் கடதான்னு நீதான சொன்ன?”

சொன்னேன்தான். ரமணி சேச்சியின் கைராசி அந்தத் தெரு முழுக்கப் பிரசித்தம். அவர் கை வைத்துத் தைத்த உடுப்பைப் போட்டு ஆடிய பிள்ளைகள் பரிசு வாங்காமல் திரும்பியதில்லை என்பார்கள். கடைத்தெருவில் ஒருவருக்கு வியாபாரம் மந்தமானால் பக்கத்துக் கடைக்காரர்கள் காலையில் வந்து சின்னதாக ஒன்று வாங்கிப் போணி செய்துவிட்டுப் போவது வழக்கம். டான்ஸ் டிரஸ்ஸை யார் அப்படி வாங்குவது? அதனால் ஆளுக்கு ஒரு கிளிக்.

“மோளே, நான் ஒண்ணு தொட்டாப் போதும். பின்னே ஆளு தானே வரும், கேட்டோ” என்றார் சேச்சி. “இன்னைக்கு இன்னும் நாகர்கோவில்லேருந்து செண்பகத்தின்டெ அனியத்தி திறக்கான் உண்டு.”

அனியத்தி என்றால் தங்கை; அவளும் திறக்க வேண்டியது பாக்கியாம். அந்தத் தங்கை தன் நாத்தனார்களையும் சேர்த்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. இத்தனை பேர் அன்போடு ஏற்றிவைத்த எண்தான் அண்ணாச்சியின் கையில் கடையை மூடும் ஆதாரமாகப் போயிருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிரித்துவிட்டேன்.

3. நல்ல சேதி

அண்ணாச்சியைக் கடைக்கு வரவழைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

“அப்பம், வந்தது பூரா நம்ம ஆளுவதானா?”

“ஆமா அண்ணாச்சி. சேச்சியும் பக்கத்துக் கடைக்காராளும் உங்க மச்சினியும் ஆக்கும்.”

“வெளியில இருந்து?”

“விரல்விட்டு எண்ணலாம்.”

“ஒருத்தரும் வரல்லங்கத நல்ல சேதின்னு சொல்லுகதுக்கா என்னய வரச் சொன்ன?”

“நல்ல சேதிதான் அண்ணாச்சி. பார்த்துட்டுப் பிடிக்கலைன்னு போனவா யாருமே இல்லை. கடை இருக்கறதே இன்னும் யாருக்கும் தெரியாது.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். “சரி, ஓணம் கழியட்டு. அதுவரைக்கும் பாப்போம்” என்று எழுந்தார். பழைய கெடுதான், ஒரு நாள்கூடக் கூட்டித் தரவில்லை. ஆனால் குரலில் வீம்பு குறைந்திருந்தது.

போணியை நிறுத்தச் சொன்னால் அக்கா ஒப்பவில்லை. “நாளைக்கு ஒண்ணும் நடக்கலன்னா கைராசிய நிறுத்துனதுனாலதான்னு மனசு அடிச்சுக்கிடும். அது நடக்கட்டு” என்றார். வாடிக்கையாளரின் நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்பது டிசைனரின் வேலையில்லை. கஃபேயின் எண் முகவரியையும் தங்கை வீட்டு இணைப்பையும் என் கணக்கிலிருந்து விலக்கிவிட்டேன். அவர்கள் போணி அவர்களுக்கு, என் கணக்கு எனக்கு. இன்றைக்கும் புது சைட் போட்டவுடன் நான் செய்கிற முதல் வேலை, முதலாளி வீட்டையும் கடை ஊழியர்களையும் கணக்கிலிருந்து கழிப்பது. தினம் தன் சைட்டைத் தானே திறந்து பார்த்து மகிழாத முதலாளியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

4. அக்கா வாயில் இருந்த பக்கம்

கழித்த பின் மிஞ்சியவர்கள் கொஞ்சம் பேர்தான். மஸ்கட், சிங்கப்பூர், பெங்களூர். இந்தக் கொஞ்சம் பேரும் ஒரே மாதிரி நடந்துகொண்டார்கள். தலைசாமான் படம், திரும்பி முதல் பக்கம், ஒட்டியாணம் படம், மறுபடி முதல் பக்கம், சலங்கை படம், பிறகு போய்விடுவார்கள். வேண்டாதவர்கள் இத்தனை படத்தைத் திறக்க மாட்டார்கள், அதுவும் டயல்-அப்பில். எதையோ தேடுகிறார்கள், அது கிடைக்கவில்லை. எதை என்று லாக் சொல்லாது.

அதற்குக் கடைக்குத்தான் போக வேண்டும் என்று தோன்றியது. ஒரு முற்பகல் முழுக்க அக்கா கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வந்தவர்கள் குறைவு. ஆனால் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. ஒரு மலையாளி அம்மா மகளோடு வந்து கேட்டார்: “சேச்சீ, ஒரு செட்டில் எந்தெல்லாம் உண்டு?” ஒரு செட்டில் என்னவெல்லாம் இருக்கும் என்பதுதான் கேள்வி.

அக்கா சிவப்பு ஜமுக்காளத்தைத் தரையில் விரித்தார். ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே போனார்.

“இது நெத்திச்சுட்டி. இது சூரியன், இது சந்திரன், வலம் இடம் மாறக் கூடாது. இது ராக்கொடி, பின்னால வரும். பிள்ளைக்கு முடி குட்டையா? அப்பம் சவுரி தனியா வேணும், பயப்படாதீங்க, நான் கட்டக் காட்டித் தாறேன். ஒட்டியாணத்துக்கு டிரஸ் போட்டப் பொறவு அளவெடுக்கணும், வெறும் இடுப்புல எடுத்தா மேடையில மூச்சு முட்டும். சலங்கைய ஒரு வாரம் முன்னாடியே கட்டி நடக்க விடுங்க, இல்லன்னா அன்னைக்குக் கால் வலிக்குன்னு அழும்.”

அந்த அம்மாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். எங்கள் சைட்டில் ஒட்டியாணம் இருந்தது. அதை எப்படி அளப்பது என்பது இல்லை. அழகான படங்கள் இருந்தன, ஜதிச் சத்தத்தோடு ஒரு பெண் ஆடிக்கொண்டே வரவேற்கும் அனிமேஷன்கூட இருந்தது, அக்காவின் இந்தப் பேச்சு மட்டும் இல்லை. மஸ்கட்டில் இருக்கிற அம்மாவுக்கு ஜமுக்காளம் விரித்துக் காட்ட யார் இருக்கிறார்கள்?

அந்த ஜமுக்காளத்தையே மாடியில் வெளிச்சத்தில் விரித்து, முழுச் செட்டையும் பரப்பி, ஒரே படம் எடுத்தேன். ஒவ்வொரு சாமானுக்கும் பக்கத்தில் அக்கா சொன்னதைச் சொன்னபடியே எளிய ஆங்கிலத்தில் எழுதினேன். மூச்சு முட்டுவதையும் விடவில்லை. ஆடுகிற பெண்ணை எடுத்துவிட்டு இந்தப் பக்கத்தை முதலில் வைத்தேன். அக்காவுக்கு அந்தப் பெண் போனதில் வருத்தம்தான். “பாவம், நல்லா ஆடிட்டு இருந்தா” என்றார்.

5. ஓணம் முடிந்த வாரம்

பக்கம் போட்டதும் மெயில் கொட்டியது என்று எழுத ஆசைதான், நடக்கவில்லை. ஓணமும் வந்து போயிற்று. நான் போகும்போது அக்கா அலமாரியிலிருந்து உடுப்புகளை எடுத்து மடித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. “பாத்திரக்கடையில எனக்கு என்ன வேல இருக்கு, சொல்லு?” என்று மட்டும் கேட்டார். நான் ஒரு பட்டுத் துணியை எடுத்து மடிக்க உதவினேன். வேறு என்ன செய்ய முடியும்? என் தொழில்மேலேயே எனக்குக் கோபமாக வந்தது.

அப்போது அண்ணாச்சி கஃபேயிலிருந்து ஒரு பிரிண்டோடு உள்ளே வந்தார். தினமும் மெயில் பார்ப்பதை அவர்தான் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருந்தார், இல்லை என்று வந்து சொல்வதற்காகவே என்று அக்கா கேலி செய்வார். அன்றைக்குக் கண்ணாடியை மூக்கின்மேல் தள்ளிக்கொண்டு நின்றபடியே படித்துக் காட்டினார். மஸ்கட்டிலிருந்து ஒரு அம்மா. மகளுக்கு முதல் மேடை. முழுச் செட்டும் வேண்டும். ஒட்டியாணத்துக்கு டிரஸ் மேல் அளவெடுக்கச் சொல்கிறீர்கள், எங்களிடம் டிரஸ்ஸே இல்லையே, எப்படி அளப்பது என்று கேட்டிருந்தார். பிள்ளை கொஞ்சம் குண்டு, யாரும் சிரித்துவிடக் கூடாது என்றும் எழுதியிருந்தார்.

“செண்பகம், இதுக்கு என்ன சொல்லணும்? எவ்வளவு விடச் சொல்லுவ?”

அக்கா கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தார். இத்தனை வருடத்தில் அண்ணாச்சி கடை விஷயமாகத் தன்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார். “ஒரு துவர்த்த நாலா மடிச்சு இடுப்புல சுத்தி, அதுக்கு மேல அளக்கச் சொல்லுங்க. பின்ன, ஊக்கு ரெண்டு வரிசை வச்சுத் தாறோம்னு எழுதுங்க. பிள்ள குண்டுன்னா விசிறி மடிப்ப அகலமா வச்சாப் போதும், நல்லா இருக்கும்னு எழுதுங்க.” துவர்த்து என்றால் துண்டு. அண்ணாச்சி பிரிண்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். மடிப்பு அகலத்தை இரண்டு தடவை கேட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கடை போன் அடித்தது. அவருடைய அண்ணன். சரக்கை ஏற்ற வண்டி புறப்படட்டுமா என்று கேட்பது எங்களுக்கே கேட்டது. பெரியவருக்கு அவ்வளவு உரத்த குரல்.

“வேண்டாம்ணே. வண்டிய அனுப்பாண்டாம். இங்க கடையில ஆளு நிக்கு.”

கடையில் எங்கள் மூவரைத் தவிர ஒரு ஈ காக்கை கிடையாது.

“எத்தன பேரு?”

“ஒருத்தி.”

“ஒருத்திக்கு வேண்டியா கடைய வச்சிட்டிருக்கப் போற?”

“ஒருத்திதாம்ணே” என்றார் அண்ணாச்சி, கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே. “ஆனா நெசமாட்டு வந்திருக்கா. பதில் சொல்லாம எப்படிண்ணே மூடுகது?”

போனை வைத்துவிட்டு அக்காவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் கஃபேக்கு நடந்தார். அக்கா மூட்டையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். நான் மடித்த பட்டுத் துணியைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

இப்போது என் ஆபீஸில் பல பேர் வேலை செய்கிறார்கள், கலர் கலராக கிராஃப் வருகிறது. புதிதாகச் சேருகிறவர்கள் மொத்த எண்ணிக்கையைப் பெருமையோடு என் மேஜையில் கொண்டுவந்து வைப்பார்கள். இதில் நிஜமாக வந்த ஒருத்தி யார், அவள் என்ன கேட்டாள், நாம் பதில் சொல்லிவிட்டோமா என்று கேட்பேன். அது தெரியாமல் நான் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை.