மகளிடம் நான் சொன்ன விலங்கியல்

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தேன். அந்தப் படிப்பை ஒரே ஒரு முறை ஆயுதமாக எடுத்தேன், என் மகள்மீது.

அவள் மணந்தவர், எங்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவரின் மகன். கூலி நெல்லை உயர்த்தக் கேட்டு அறுவடையை நிறுத்தி, எங்கள் வரப்பில் கொடி நட்டவரும் அந்தத் தகப்பனார்தான். இரண்டாவது கருவும் கலைந்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவளிடம் சொன்னேன்: "அந்நியத்தை உடம்பு ஏத்துக்காதும்மா. பாடத்துலயே இருக்கு."

அது பாடம் அல்ல, சாதி. அவளுக்கும் தெரிந்தது. மூன்று வருடம் என்னோடு பேசவில்லை.

மறுபடியும் கருவுற்றிருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும், பயத்தில் புதிய ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். கருவுற்ற தாயின் கருப்பைச் சுவரில் ஒருவகை வெள்ளையணுக்கள் குவிகின்றன. இயற்கைக் கொல்லி அணுக்கள் என்று பெயர். வைரஸ் புகுந்த அணுவையும் புற்றணுவையும் கொல்கிற இனம். கருப்பையில் அவை கொல்வதில்லை. அவற்றின் மேலுள்ள ஏற்பிகள் கருவின் அணுக்களைத் தொட்டுப் பார்க்கின்றன. சில ஏற்பிகள் 'நில்' என்கின்றன, சில 'செய்' என்கின்றன. எது ஓங்குகிறதோ அதன்படி அணு நடக்கிறது. தகப்பன் வழி வந்த அடையாளத்தையும் அவை கண்டுகொண்டு, குழந்தைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களை அகலமாக்க உதவுகின்றன. 'நில்' அதிகமானால்தான் சிலருக்குச் சிக்கல்.

என் மகளுக்கு ஏன் கலைந்தது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. நான் சொன்னது பொய் என்பது மட்டும் தெளிவானது.

சீர்காழி பஸ் ஏறினேன். மகள் வாழ்ந்த அந்த வீட்டுக்கு அதுதான் முதல் முறை. சம்பந்தி வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க. கொடி எதுவும் நடலீங்க, தைரியமா வாங்க."

நின்றபடியே படித்ததை எல்லாம் சொன்னேன். ஜன்னலுக்கு உள்ளே மகள் நின்று கேட்டாள்.

"கொல்லின்னு பேரை வச்சுட்டு, வாய்க்காலை வெட்டி அகலப்படுத்துதுங்கிறீங்க. அது என் வேலையில்லீங்களா?" என்றார் சம்பந்தி.

"உங்க வேலைதான்."

"அப்ப அன்னிக்கு நீங்க சொன்னது?" மகளின் குரல்.

"தப்பும்மா. தெரியாம சொல்லல. வேணும்னேதான் சொன்னேன்."

ஜன்னலை விட்டு வாசலுக்கு வந்து சொன்னாள்: "வெயில்ல நிக்காதீங்கப்பா. உள்ள வாங்க. நாளைக்கு ஸ்கேன், கூட வரணும்."

மறுநாள் ஸ்கேன் அறைக்கு வெளியே, ஒரே பெஞ்சில் சம்பந்தியும் நானும் உட்கார்ந்திருந்தோம். மகள் வெளியே வந்தாள்.

"குழந்தைக்கு ரத்த ஓட்டம் நல்லா இருக்காம்."

சம்பந்தி என் பக்கம் திரும்பினார்.

"தண்ணி பாயுதுங்க," என்றார்.