பதிலுக்கு விட்ட இடம்

ஓரம் உடைந்த கேசட்டு ஒன்று என் அலமாரியில் கிடக்கிறது. போட்டுக் கேட்க வீட்டில் டேப் ரிக்கார்டர் இல்லை. தூக்கிப் போடவும் மனசில்லை. கீழக்கரையில் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது இதுதான் எங்களுக்குக் கடுதாசி. உம்மாவுக்கு எழுத வராது. துபாயில் இருந்த வாப்பாவுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் கேசட்டில் பேசி, ஊருக்கு வந்து திரும்புகிறவர் யார் கையிலாவது கொடுத்துவிடுவார். வாப்பா கேட்டுவிட்டு அதே நாடாவின் மேலேயே தம் பதிலைப் பேசி அனுப்புவார். அவர் பேசப் பேச உம்மாவின் குரல் அழிந்துபோகும். அது அப்போது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

உம்மா பேசுவதைப் பார்க்க வேண்டுமே! தெருச்சண்டை, நிக்காஹ் வீட்டுச் சோற்றில் உப்புக் கூடிய கதை, எல்லாவற்றையும் ஆளுக்கு ஒரு குரலில் நடித்துச் சொல்வார். நடுவில் "சாப்டீகளா?" என்று கேட்டுவிட்டு, டேப் ஓட ஓடச் சும்மா உட்கார்ந்திருப்பார். பிறகு "அப்பச் சரி" என்று தொடர்வார். நாடா வீணாகிறதே என்று நாங்கள் சிரித்தால் முறைப்பார்.

"சும்மா கெடங்க. அவுக பதில் சொல்ல வேணாமா?"

வாப்பா அங்கேயே மவுத்தானார். அவர் கடைசியாக அனுப்பியது இந்தக் கேசட்டு. "சாப்ட்டேன்... இருமல் தேவல... பிள்ளைகள அடிக்காத" என்று வரிசையாகப் பதில்கள் மட்டும் இருக்கும். கேள்விகள் அழிந்திருந்தன. அதன்பிறகு உம்மா கதை பேசுவதையே விட்டுவிட்டார். எங்களுக்குச் சொன்னால் ஆகாதா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

உம்மாவுக்கு அறுபது தாண்டியபிறகு, உள்ளூர் வானொலியில் வேலை பார்த்த என் தோழி, சமையல் சொல்ல அவரை அழைத்துப்போனாள். மைக்கைக் கண்டதும் என்ன ஆனதோ, மீன்குழம்பில் தொடங்கியவர் மாமியார் கதைக்குப் போய்விட்டார். "சாப்டீகளா?" என்றார். நிறுத்தினார். தோழி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"மாமி, சத்தம் இல்லாட்டி ரேடியோ கெட்டுப்போச்சுன்னு அமத்திருவாக. அந்த இடத்த வெட்டிர்றேன்."

உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டார். "அப்ப நான் வாரேன்."

கடைசியில் தோழி வெட்டாமலே போட்டாள். வாரம் ஒரு கதை என்று ஆனது. தங்கச்சிமடத்தில் வலை பழுதுபார்க்கிறவர்கள், மண்டபம் அகதி முகாமில் இருக்கும் பெண்கள் எல்லாரும் அந்த இடத்தில் வாய்விட்டுப் பதில் சொல்கிறார்களாம். மீன்கடையில் உம்மா விலை கேட்டதுமே குரலைக் கண்டுகொண்ட ஒரு பெரியவர், "சாப்ட்டேன் தாயி" என்றார். உம்மாவுக்கு வந்த வெட்கத்தைப் பார்க்கணும்! புதுப்பெண் தோற்றாள் போங்கள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபிறகு மெதுவாகச் சொன்னார்: "இம்புட்டுப் பேரு கேக்குறாக. ஒங்க வாப்பாவும் கேட்டிருக்கலாம் புள்ள."

உம்மா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வெள்ளிக்கிழமைகளில் பழைய கதைகளை மறுபடி போடுகிறார்கள். நேற்றும் கேட்டுக்கொண்டிருந்தேன், கையில் இந்தக் கேசட்டு. "சாப்டீகளா?" என்றார். நிறுத்தினார். வாப்பாவின் பதில் என் கையில்தான் இருந்தது, சத்தமில்லாமல்.

"சாப்ட்டேன்" என்று நான் சொன்னேன்.

"அப்பச் சரி" என்றார் உம்மா.