தாம்பூலப் பையில் போன நாவல்

எங்கள் பெரியப்பச்சிக்கு, அதாவது பெரியப்பாவுக்கு, அறுபதாம் கல்யாணம் நடந்தபோது எனக்குப் பத்து வயது. ஊர்ப்பட்ட சொந்தக்காரர்களை அழவைத்த பாவம் என் தலையில்தான் என்று அந்த வயதிலேயே முடிவு கட்டியிருந்தேன்.

அழவைத்த புத்தகத்தை எழுதியவர் அயித்தை, பெரியப்பச்சிக்கும் என் அப்பச்சிக்கும் ஒரே தங்கை. காரைக்குடியில் கணக்கு டீச்சர். வகுப்பில் பிள்ளைகளைச் சிரிக்கவைத்தே கணக்குப் போடவைப்பார் என்று பேர். வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தால் மட்டும் ஒரே துக்கம். கவிதை என்றால் பூட்டின வீடு, வராத கடிதம். கதை என்றால் மூன்றாம் பக்கத்துக்குள் யாராவது போய்ச் சேர்ந்துவிடுவார்கள். உறவுக்குள் ஒருத்தரும் படித்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் அபிப்பிராயம் இருந்தது. பெரியப்பச்சிக்குத்தான் ரொம்ப. "நல்லா வாழ்ற வீட்டுல உக்காந்துக்கிட்டு என்னத்துக்கு ஆத்தா ஒப்பாரி?" என்பார்.

அந்த வருடம் அயித்தை தன் முதல் நாவலை அச்சுக்குக் கொடுத்திருந்தார். பேர் 'வளவு விளக்கு'; வளவு என்றால் எங்கள் பக்கத்து வீடுகளின் நடு முற்றம். புருஷன் முதல் பக்கத்திலேயே செத்துப்போக, பெரிய வீட்டில் ஒற்றையாய் இருக்கும் ஒரு தாய், வெளிநாட்டுக்குப் போன மகள் வருவாள் வருவாள் என்று தினமும் இரண்டு பேருக்குச் சோறு பொங்குவாள். அவ்வளவுதான் கதை. பெரியப்பச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: எழுதினது இதோடு போதும், கல்யாணம் முடிந்ததும் அத்தனையையும் பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டுவிட வேண்டும். அயித்தை "சரிண்ணே" என்றார். முகம்தான் சுண்டிப்போயிற்று. எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அறுபதாம் கல்யாணத்துக்கு எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சிவன் பாட்டுகளைச் சின்னப் புத்தகமாக அச்சடித்து, தேங்காய் பழத்தோடு பையில் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். பாட்டுப் புத்தகத்தையும் நாவலையும் அடித்தது ஒரே அச்சகம். அந்த மனிதர் இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றிவந்து, கல்யாணம் நடக்கவிருந்த கொத்தமங்கலம் வீட்டின் இருட்டு அறையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். எல்லாம் காக்கிக் காகிதம் சுற்றிய கட்டுகள்.

பையில் மற்றதையெல்லாம் பெரியவர்கள் வைத்துவிட்டார்கள். புத்தகம் வைப்பது மட்டும் என் பொறுப்பு. கட்டை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அந்தப் பக்கம் வந்த அயித்தைதான் கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துவந்து, சணலைக் கத்தரித்து, புத்தகங்களை என் பக்கத்தில் அடுக்கிக் கொடுத்தார். சுற்றியிருந்த காகிதத்தை நாலாக மடித்துக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். குப்பை சேரப் பொறுக்காத டீச்சர். அட்டையில் விளக்குப் படம், கீழே விளக்கென்று பேர். சாமி புத்தகம்தான் என்று நான் சந்தேகமே இல்லாமல் பை பையாகச் செருகினேன்.

மறுநாள் காலை வாட்ஸ்அப் குழுவில் தீப்பிடித்தது. மங்கல காரியத்துக்கு வந்தவர்களுக்கு எழவு வீட்டுக் கதையா? ஆளுக்கொரு வாய்ஸ் மெசேஜ். பெரியப்பச்சி வளவில் நின்று, "எவ வேலை இது?" என்று சத்தம் போட்டார். உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன், சத்தியமாக. அதற்குள் அயித்தை முன்னால் வந்து, "நாந்தாண்ணே வச்சேன்" என்றார். பெரியப்பச்சி அதன்பிறகு தங்கையோடு பேசவில்லை.

நாலு நாள் கழித்துத் திட்டுகிறவர்கள் நேரிலேயே அயித்தை வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். முதலில் சாக்கோட்டையிலிருந்து ஒரு ஆச்சி. "சோறு பொங்குறப்பல்லாம் அழுகையா வருது, நல்லாருப்பீகளா நீங்க?" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டார். அயித்தை காபி கொடுத்தார். ஆச்சி உட்கார்ந்து, தன் மகளைப் பற்றி மத்தியானம் வரை பேசிவிட்டு, அயித்தையின் கன்னத்தை வழித்து முத்தமிட்டுப் போனார். அடுத்து மானகிரிக்காரர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். "பேரை மாத்திட்டா எங்களுக்குத் தெரியாதா? அது எங்க ஆத்தா! யாரு சொன்னது ஒங்களுக்கு?" என்றார். போகும்போது அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பிக்கென்று இன்னொரு பிரதி கேட்டார். அந்த வாரத்துக்குள் ஏழு பேர், அது தங்கள் வீட்டுக் கதைதான் என்று அடித்துச் சொல்லிவிட்டார்கள். இத்தனை பேர் வீட்டுக் கதையை அயித்தை எப்போது போய்த் திருடினார் என்று எனக்கு ஒரே குழப்பம். ஒரு பிரதிகூட மிச்சமில்லை. பழைய பேப்பர்க்காரன் வந்து வெறும் சாக்கோடு திரும்பினான்.

பெரியப்பச்சி மட்டும் விறைப்பாகவே இருந்தார். ஆனால் அவர் செய்தித்தாளை இரண்டு மணி நேரமாக ஒரே பக்கத்தில் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். தாளுக்குள்ளே விளக்குப் படம் போட்ட அட்டை. அவருடைய ஒரே மகள் கல்யாணத்துக்கு நாலு நாள் வந்துவிட்டு அமெரிக்காவுக்குத் திரும்பிப் போயிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு அயித்தை வீட்டுக்குப் போனார். உட்காரக்கூட இல்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு, "அந்த மக கடைசி வரைக்கும் வரவே இல்லையா?" என்றார்.

"இல்லண்ணே."

"அடுத்த புத்தகத்துலயாவது ஒருத்தியை வீடு வந்து சேர விடு."

"அடுத்ததா? எழுதலாமாண்ணே?"

"எழுதாம? என் எழுவதுக்குப் பையில எதை வைக்கிறதாம்?"

அயித்தை சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை அந்த முகத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை. தப்பித்தோம் என்று நானும் சேர்ந்து குதித்தேன்.

இந்த வருடம் பெரியப்பச்சிக்கு எழுபது. அதே அச்சகம், அதே வளவு, பையில் வைக்க அயித்தையின் நாலாவது நாவல். இந்த முறை கட்டை நானே இழுத்து வந்தேன். காகிதத்தின் மேல், கண்ணில் அறைகிற மாதிரி மார்க்கரில் நாவலின் பேரும், 'நாவல் – நூறு பிரதி' என்றும் எழுதியிருந்தது. அச்சகத்தில் எப்போதுமே அப்படி எழுதித்தான் அனுப்புவார்களாம்.

கத்தரிக்கோலோடு நின்ற அயித்தையை நிமிர்ந்து பார்த்தேன்.

"என்னடி பாக்குற? வெட்டு" என்றார். உதட்டோரம் சிரிப்பு.

"நாந்தாண்ணே வச்சேன்" என்று அன்றைக்கு அவர் சொன்னதை, என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்று நினைத்துப் பத்து வருடமாக அவருக்கு நன்றியோடு இருந்தேன்.