பத்தாம் இலக்கமும் மலரக்காவின் வாக்கும்

இத்தாலியின் பலேர்மோ நகரில் எங்கள் தமிழ் உதைபந்தாட்டக் கழகம் தொடங்கி முப்பது வருடமாகிறது. இந்த முப்பது வருடத்தில் ஓர் ஆட்டம் விடாமல் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். அவர் தலைவரும் இல்லை, செயலாளர் தவராசாவாகிய நானும் இல்லை. மரியமலர், எங்கள் எல்லோருக்கும் மலரக்கா.

மலரக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாள் முதல் ஒரே சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய எசமானியம்மாவின், வீட்டில்தான் வேலை. சமைத்து, துடைத்து, இஸ்திரி போட்டு, சிஞ்ஞோராவோடு நாளுக்கு ஒரு தரம் சண்டையும் பிடித்துவிட்டு வருவார். வீட்டு வேலை செய்பவர்களுக்கு இங்கே வியாழன் பின்னேரமும் ஞாயிறும் ஓய்வு. அதனால் எங்கள் அணிக்கு வியாழன் பயிற்சி, ஞாயிறு ஆட்டம். சிஞ்ஞோராக்களின் வசதியைப் பார்த்து அட்டவணை போட்ட அணி உலகத்தில் வேறு இருக்குமோ தெரியாது. ஆட்டம் முடிந்ததும் ஜேர்சிகளை ஒரு பெரிய பையில் அமுக்கி, அல்பெர்கேரியாப் பகுதியில் உள்ள தன் நாலாம் மாடி வீட்டுக்கு மலரக்கா தூக்கிப் போவார். லிஃப்ட் இல்லாத வீடு. தோய்த்து, பல்கனியில் காயப்போடுவார். இதைச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. முதல் வருடம் கணவருடைய ஜேர்சியோடு மற்றவையும் போயின, பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வெட்கங்கெட்ட வழக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

கணவர் ஜெயரட்ணம் அண்ணைதான் அணியின் முதல் பத்தாம் இலக்கம். பத்தாம் இலக்கம் என்றால் நடுவில் நின்று ஆட்டத்தை நடத்துகிறவர், பந்து யாருக்குப் போகவேண்டும் என்று தீர்மானிக்கிறவர். அண்ணை ஆடியது துறைமுகத்துப் பக்கம் ஒரு புழுதிக் கிறவுண்டில். அவருக்குப் பிறகு பத்து வருடம் தர்மென், புல் தரையில். மொறீசியஸ் தமிழ்ப் பிள்ளை, தமிழில் பத்துச் சொல்தான் தெரியும், இப்போது நாப்போலிக்குப் போகும் கப்பலில் சமையற்காரன். இன்றைக்குக் கஜானன். இங்கேயே பிறந்தவன், பிளாஸ்டிக் புல்லில் ஆடுகிறவன், கண்ணாடி பார்க்காமல் கிறவுண்டில் இறங்கமாட்டான். காலம் வேறு, தரை வேறு, மூவரில் யார் பெரியவர் என்று எப்படிச் சொல்வது? அந்தக் கதை தொடங்கினால் எங்கள் தேத்தண்ணீர் ஆறிப்போகும்.

முப்பதாம் ஆண்டு நிறைவுக்குத் தலைவர் ஒரு யோசனை சொன்னார். மூவரில் சிறந்தவரின் பெயரை எழுதி, பத்தாம் இலக்க ஜேர்சியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மண்டபச் சுவரில் மாட்டவேண்டும். அன்றிலிருந்து ஜெயரட்ணம் அண்ணைக்கு நித்திரை இல்லை. "உதெல்லாம் எனக்கென்னத்துக்கு?" என்று வாய் சொல்லும். ஆனால் கனடாவில் இருக்கும் தம்பிக்குச் செய்தி போய்விட்டது, விழாவுக்குப் போட்டுக்கொள்ளப் புதுச் சேட்டும் வந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டன. இருபது வருடமாக ஒரு முதியவரைத் தூக்கிக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுப்பதுதான் வேலை. அண்ணைக்காக யாரும் கைதட்டி எவ்வளவோ காலமாகிவிட்டது. அந்தப் பெட்டி அவருக்குக் கிடைக்கவேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது. என் வாக்கை அவருக்கே போட்டேன்.

செயற்குழுவில் ஆறு பேர், அண்ணையும் அதில் ஒருவர். யார் எழுதியது என்று தெரியாத ஆறு துண்டுகளைப் பிரித்தால் ஜெயரட்ணத்துக்கு மூன்று, தர்மெனுக்கு மூன்று. கஜானனுக்கு ஒன்றுமில்லை. இளசுகளைக் குழுவில் சேர்த்தால்தானே!

"மலரக்கா தீர்க்கட்டும். எல்லா மட்ச்சும் பார்த்தவ அவதான்" என்றார் தலைவர். யாரும் மறுக்கவில்லை. மனைவியிடம் கொடுத்தால் முடிவு கணவருக்குத்தான், சண்டை சச்சரவில்லாமல் காரியம் முடியும் என்று நினைத்துக்கொண்டோம். முப்பது வருடம் ஊத்தை உடுப்பைக் கொடுத்தோமே தவிர அந்த மனுசியை நாங்கள் அறிந்துகொள்ளவில்லை.

ஞாயிறு மத்தியானம் மண்டபம் நிறைந்திருந்தது. கப்பல் துறைமுகத்தில் நின்ற நேரம் பார்த்துத் தர்மெனும் ஓடி வந்திருந்தான். மலரக்கா மைக்கைப் பிடித்தார்.

"எனக்கு உங்கடை ஓஃப்சைட் ஒண்டும் விளங்காது. ஊத்தைதான் தெரியும். இவர் விளையாடேக்கை இவற்றை ஜேர்சி நிறம் தெரியாமல் வரும். மற்றவையின்ரை பாதி சுத்தமா வரும். பந்தை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டார்."

மண்டபம் சிரித்தது. அண்ணையும் சிரித்தார்.

"கஜானன்ரை ஜேர்சியிலை ஊத்தையை விட சென்ற் வாசம்தான் கூட. விழுந்தாலும் தலைமயிர் குழம்பாமல் விழுவான்."

"ஸியா! இது நியாயமில்லை!" என்று பின்னாலிருந்து கஜானன் கத்தினான். இங்கே பிறந்த பிள்ளைகள் அவரை இத்தாலிய முறையில் அப்படித்தான் மாமி என்று கூப்பிடுவார்கள்.

"பொறு மோனை. புழுதி வேறை, புல்லு வேறை எண்டு எல்லாரும் கதைக்கிறியள். எந்தக் கிறவுண்ட் எண்டாலும், தர்மென் விளையாடின காலத்திலை மாதிரி நான் கஷ்டப்பட்டதில்லை. அவன்ரை ஜேர்சி சுத்தமா இருக்கும். மற்றப் பத்துப் பேரின்ரையும் ரெண்டு தரம் தோய்க்கோணும். சும்மா நிக்கிறவனுக்கும் பந்தைக் குடுத்து ஓட வைப்பான். அவன்தான் பெரிய ஆட்டக்காரன்."

தர்மெனுக்குப் பக்கத்தில் நின்றவர் இத்தாலியனில் விளக்கினார். விளங்கியதும் அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். ஜெயரட்ணம் அண்ணை எல்லோருக்கும் முதலில் எழும்பிக் கைதட்டினார், போய் அவனைக் கட்டிப்பிடித்தார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் ஆளைக் காணவில்லை. அவருடைய தட்டில் ரோல்ஸ் அப்படியே இருந்தது.

நானும் மலரக்காவும் தேடிப் போனோம். பலாரோ சந்தையில், பூட்டிக் கிடந்த மீன்கடை ஒன்றின் படியில் புதுச் சேட்டோடு இருந்தார்.

"கோவமோ?" என்றார் மலரக்கா. "தர்மென்தான் திறம் எண்டு உங்களுக்கும் தெரியும்தானே?"

"தெரியும். நானும் அவனுக்குத்தான் போட்டனான்."

நான் திடுக்கிட்டுப் போனேன். அவர் தன் பெயரை எழுதியிருந்தால் நாலுக்கு இரண்டு, மலரக்காவிடம் வந்திருக்கவே தேவையில்லை. நாங்கள் மூன்று பேரும் அவருக்காக இரக்கப்பட்டுப் போட்டோம். அவர் நியாயம் பார்த்துப் போட்டிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"பிறகேன் இஞ்சை வந்து இருக்கிறியள்?" என்று மலரக்கா கேட்டார்.

"நான் பந்து தெரிஞ்சவன். பொய் சொல்லேலாது. நீ என்ரை மனுசி. நீ ஒரு பொய் சொல்லியிருக்கலாம்."

சிஞ்ஞோராவுக்கே பதில் சொல்லி மடக்குகிற மலரக்கா போய்ப் படியில் அவர் பக்கத்தில் இருந்தார். கண் கலங்கியிருந்தது.

"அவை பந்தைப் பற்றித்தானே கேட்டவை. ஆளைப் பற்றிக் கேட்டிருந்தால் நான் யோசிச்சே இருக்கமாட்டன்."

ஜெயரட்ணம் அண்ணை அவர் பக்கம் திரும்பினார்.

"இதையும் மைக்கிலை சொல்லியிருக்கலாம்" என்றார்.